கூட்ட நாளில் படுத்துவிடும் தரவுத்தள சர்வர்: ராமநாதபுரம் கரையோரச் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேசுவரத்தில் விடுதி முன்பதிவு, மண்டபத்திலும் பாம்பனிலும் மீன் கொள்முதல் கணக்கு, கீழக்கரையில் மொத்த வியாபாரம் என்று இந்தக் கரையோரத்தில் பல சிறு நிறுவனங்கள் ஒரே ஒரு சர்வரை நம்பி நடக்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாள்களில் அந்த சர்வருக்கு வேலையே இருக்காது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை ஆகியவற்றுக்கு முந்தைய நாள்களில், அல்லது தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீனோடு கரை திரும்பும் முதல் விடியற்காலையில், அது விழுந்துவிடும். "தம்பி, சர்வர் படுத்துருச்சு, வாசல்ல பஸ் வந்து நிக்குது" என்று விடுதி மேலாளர் போனில் சொல்லும்போது, இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள்: உடனே கணினியை அணைத்து ஏற்றுகிறார்கள், மறுநாள் கூடுதல் ராம் வாங்கச் சொல்கிறார்கள். முதலாவது தடயத்தை அழித்துவிடும். இரண்டாவது, பல நேரங்களில், அடுத்த அமாவாசை வரை மட்டுமே தாங்கும். இந்தச் சிக்கலில் தடுமாறித்தான் கீழே உள்ள வரிசைக்கு வந்து சேர்ந்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

உபுண்டு லினக்ஸில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 8 என்ற தரவுத்தள மென்பொருளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதன் கிளையான மரியாடிபிக்கும் பெரும்பகுதி பொருந்தும், இயல்பு அளவுகள் சில மாறும். அளவுருப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டமைப்புக் கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டு எழுத வேண்டும்.

1. விழுந்தது எது என்று பாருங்கள்

'சர்வர் விழுந்துவிட்டது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கலாம். கணினியே அணைந்து மீண்டிருக்கலாம். கணினி நின்றபடி இருக்க, தரவுத்தளச் சேவை மட்டும் இறந்து மீண்டிருக்கலாம். எதுவுமே இறக்காமல், இணைப்புகள் நிரம்பிப் புதியவர்களை உள்ளே விடாமல் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

'அப்டைம்' என்று தட்டினால் கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தெரியும். அது சில நிமிடங்களையே காட்டினால் மின்சாரத்தையோ வன்பொருளையோ பாருங்கள். 'லாஸ்ட் மைனஸ் எக்ஸ்' என்ற கட்டளை, கணினி அணைந்த, தொடங்கிய நேரங்களைக் காட்டும். ஒரு தொடக்கத்துக்கு முன் 'ஷட்டவுன்' வரி இல்லையென்றால் கணினி முறைப்படி அணையவில்லை. கணினி பல நாள்களாக ஓடிக்கொண்டிருக்க, 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும் தரவுத்தளத்தின் தொடக்க நேரம் மட்டும் இன்று காலையாக இருந்தால் இறந்தது தரவுத்தளம்தான். உபுண்டுவில் அந்தச் சேவை விழுந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி அமைந்திருப்பதால், சில நிமிடத் தடங்கலாக மட்டுமே வெளியில் தெரியும். அதையே 'நெட் ஸ்லோ' என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு நேரங்களும் பழையனவாக இருந்து, மென்பொருள் 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்று 1040 எண் பிழையைக் காட்டினால் நேராக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

2. எதையும் தொடுவதற்கு முன் ஆவணங்களை எடுத்து வையுங்கள்

பின்னால் நீங்கள் வெளியாள் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்தாலும் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கையில் இருந்தால் அவருடைய மணிக்கணக்குக் குறையும். உங்கள் செலவும் குறையும்.

தரவுத்தளத்தின் பிழை லாக் கோப்பு, உபுண்டுவின் இயல்பு அமைப்பில், வார் என்ற அடைவுக்குள் லாக், அதற்குள் மைஎஸ்க்யூஎல் என்ற அடைவில் இருக்கும். அதன் முழுப் படியையும் எடுங்கள், கடைசிப் பக்கம் மட்டும் போதாது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் செய்திகளை 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே' என்ற கட்டளையின் வழியாக ஒரு கோப்பில் இறக்கி வையுங்கள். 'டிமெஸ்ஜி' காட்டும் செய்திகள் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. கணினியை அணைத்து ஏற்றினால் அவை போய்விடும். ஜர்னல் வட்டில் சேமிக்கப்படும்படி அமைந்திருந்தால்தான் முந்தைய ஓட்டத்தின் செய்திகளை மீட்க முடியும். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இவற்றோடு கட்டமைப்புக் கோப்புகளின் படி, 'ஃப்ரீ மைனஸ் எம்', 'டிஎஃப் மைனஸ் ஹெச்' ஆகியவற்றின் வெளியீடு, விழுந்த நேரத்தில் அலுவலகத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற ஒரு வரிக் குறிப்பு ஆகியவற்றையும் சேருங்கள். அந்த ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பாதிக் குற்றவாளிகள் அதில்தான் சிக்குகிறார்கள்: முதலாளி ஆண்டுக் கணக்கு அறிக்கையை அழுத்தியதும், காலை ஏலத்து எடைகள் பதிவானதும் ஒரே நிமிடமாக இருக்கும்.

பேக்கப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தெரிவோடு ஒரு மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. கொன்றது யார்?

பிழை லாக்கைத் திறந்து விழுந்த நேரத்துக்குச் செல்லுங்கள். அங்கே இரண்டு விதமான காட்சிகளில் ஒன்றைக் காண்பீர்கள்.

முதலாவது, மௌனம். எடுத்துக்காட்டாக, நான்கு மணி பத்து நிமிடம் வரை வழக்கமான வரிகள் இருக்கும். அடுத்த வரியே சேவை புதிதாகத் தொடங்குவதையும், இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் உள் பகுதி) தன் கிராஷ் ரெக்கவரியைத் தொடங்குவதையும் சொல்லும். இறப்பதற்கு முன் ஒரு சொல்கூட இருக்காது. தரவுத்தளத்துக்கு வெளியிலிருந்து, உடனே கொல்லும் 9-ஆம் எண் சிக்னல் வந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அதைப் பெறும் செயல்முறைக்கு (பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எதையும் எழுத அவகாசம் கிடைப்பதில்லை. உடனே கெர்னல் செய்திகளில் அதே நேரத்தைத் தேடினால் 'அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்' என்று தொடங்கி மைஎஸ்க்யூஎல்டியின் பெயரைச் சொல்லும் வரி அகப்படும். கணினியில் நினைவகம் தீர்ந்துபோனதால், கெர்னலின் ஓஓஎம் கில்லர் எனப்படும் பகுதி, பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருந்த செயல்முறையைத் தேர்ந்தெடுத்துக் கொன்றிருக்கிறது.

இரண்டாவது, கூச்சல். 11-ஆம் எண் அல்லது 6-ஆம் எண் சிக்னல் வந்ததாகச் சொல்லி, அதன் கீழே ஸ்டாக் டிரேஸ் என்ற நீண்ட வரிசையைப் பிழை லாக்கே எழுதியிருக்கும். இது மென்பொருள் வழுவாகவோ, கெட்டுப்போன தரவுப் பக்கமாகவோ, பழுதான ராமாகவோ இருக்கலாம். பஃபரைக் குறைத்துக் கூட்டிப் பார்ப்பதால் இது தீராது. இப்படிப்பட்ட நேரத்தில் இணையத்தில் பார்த்து இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி என்ற அளவுருவை 6-க்கு ஏற்றிவிடாதீர்கள். 4-உம் அதற்கு மேலும் தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. சேவை எழவே மறுத்தால், தரவு அடைவின் படியை எடுத்து வைத்துவிட்டு 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுங்கள். எழுந்த இடத்தில் நிறுத்தித் தரவை வெளியே எடுத்துவிடுங்கள்.

மீண்டும் மௌனத்துக்கு வருவோம், ஏனெனில் கூட்ட நாள் மரணங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். கெர்னலின் அந்த வரியில் 'அனான் ஆர்எஸ்எஸ்' என்ற பெயருக்கு அடுத்து ஓர் எண் கேபியில் இருக்கும். எடுத்துக்காட்டாக 5872304 என்று இருந்தால், 1024-ஆல் இருமுறை வகுத்தால் 5.6 ஜிபி வரும். இறக்கும்போது தரவுத்தளம் பிடித்திருந்த நினைவகம் அது. பலரும் இங்கேயே நின்றுவிட்டு, தரவுத்தளம்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த வரிக்கு மேலே, அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லாச் செயல்முறைகளின் அட்டவணையும் அச்சாகியிருக்கும். அதில் ஆர்எஸ்எஸ் என்ற பத்தி பக்கக் கணக்கில் இருக்கும். ஒரு பக்கம் வழக்கமாக 4 கேபி. பெயர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். பிஹெச்பி-எஃப்பிஎம் (இணையதளப் பக்கங்களை உருவாக்கும் சேவை) என்ற பெயரில் நாற்பது வரிகள் வரிசையாக நிற்பதையும், ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரிந்தாலும் சேர்ந்து இரண்டு ஜிபியைத் தாண்டுவதையும் அங்கே காணலாம். கொல்லப்படுவது பெரிய செயல்முறை. நினைவகத்தைத் தீர்த்தது வேறொன்றாக இருக்கலாம்.

4. நினைவகக் கணக்கைத் தாளில் போடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பலன் தரும்.

8 ஜிபி ராம் உள்ள ஒரு கணினியில் விடுதி முன்பதிவுத் தளமும் தரவுத்தளமும் சேர்ந்தே ஓடுவதாகக் கொள்வோம். வாசித்த தரவுப் பக்கங்களை இன்னோடிபி ராமில் வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் பஃபர் பூல் என்று பெயர். 'ராமில் 70 முதல் 80 விழுக்காட்டை இன்னோடிபி பஃபர் பூலுக்குக் கொடுங்கள்' என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அது தரவுத்தளம் மட்டுமே தனித்து ஓடும் கணினிக்குச் சொல்லப்பட்டது. இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர் என்ற அளவுருவும் அப்படித்தான்: அதை இயக்கினால், 4 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினியில் முக்கால் பங்கைப் பஃபர் பூலே எடுத்துக்கொள்ளும். வேறொன்றும் ஓடும் கணினியில் அது இயக்கத்தில் இருந்தால் முதலில் அணையுங்கள்.

நம் எடுத்துக்காட்டில், அறிவுரையைச் சற்றுத் தணித்து, பஃபர் பூலுக்கு 5120 எம்பி கொடுத்திருக்கிறார்கள். அதை நிர்வகிக்கும் உள் அமைப்புகளுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். 500 எம்பி என்று வைப்போம். இயக்கமுறைமைக்கும் சில்லறைச் சேவைகளுக்கும் 700 எம்பி. பிஹெச்பி செயல்முறை ஒன்று 60 எம்பி. சாதாரண நாளில் பத்துச் செயல்முறைகள் ஓடினால் 600 எம்பி. மொத்தம் 6920, கையிருப்பு 8192. நிம்மதி. அமாவாசைக்கு முன்னால் அதே பிஹெச்பி, அனுமதிக்கப்பட்ட 40 செயல்முறைகள் வரை விரிகிறது: 2400 எம்பி. இப்போது மொத்தம் 8720. ஒரே ஓர் இணைப்பின் நினைவகத்தைக்கூட இன்னும் சேர்க்கவில்லை. ஆனால் கணினி ஏற்கெனவே கடனில் இருக்கிறது.

இந்தக் கணக்கு ஏன் பல மாதங்கள் மறைந்தே இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பஃபர் பூலுக்கு நீங்கள் எழுதிய அளவு, சேவை தொடங்கியவுடனேயே முழுவதும் ராமை நிரப்பிவிடாது. தரவுப் பக்கங்கள் வாசிக்கப்பட வாசிக்கப்படத்தான் நிரம்பும். ஆகவே ரீஸ்டார்ட் செய்த அன்று எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். சில நாள்கள் கழித்து, பூல் நிரம்பிய பிறகு, கூட்டம் வரும் நேரத்தில் மீண்டும் விழும். 'ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது' என்ற வாக்கியத்தை நம்பாதீர்கள்.

இனி இணைப்புகளின் பங்கு. ஒவ்வோர் இணைப்பும் தேவைப்படும்போது தனக்கென்று சில பஃபர்களை எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் 8-இன் இயல்பு அளவுகள் சிறியவை: சார்ட் பஃபர் 256 கேபி, ஜாயின் பஃபர் 256 கேபி, ரீட் பஃபர் 128 கேபி. இவற்றை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் மெதுவாக ஓடும் அறிக்கை ஒன்றைச் சரிசெய்வதாக நினைத்து யாராவது சார்ட் பஃபரை 64 எம்பிக்கு ஏற்றியிருப்பார்கள். ஒரே நேரத்தில் 60 இணைப்புகள் வரிசைப்படுத்தும் வேலையில் இறங்கினால் 3840 எம்பி அதற்கே போகலாம். ஜாயின் பஃபர் இன்னும் மோசமானது: பல அட்டவணைகளை இன்டெக்ஸ் இல்லாமல் இணைக்கும் ஒரே வினவல் (குவரி), ஒன்றுக்கு மேற்பட்ட ஜாயின் பஃபர்களை எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த ஓர் அறிக்கைக்குத்தான் பெரிய பஃபர் வேண்டுமென்றால், அறிக்கை ஓடும் இணைப்பில் மட்டும் 'செட் செஷன்' என்று அளவை உயர்த்திக்கொள்ளலாம். பொதுக் கோப்பில் எழுத வேண்டியதில்லை.

திருத்திய கணக்கு இப்படி அமையும். பஃபர் பூல் 4096, அதன் கூடுதல் 400, இயக்கமுறைமை 700, பிஹெச்பி 25 செயல்முறைகளுக்கு 1500, இணைப்புகள் 60-க்கு ஒன்றுக்கு 5 எம்பி வீதம் 300, பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவும் (மைஎஸ்க்யூஎல் தன்னைத் தானே கண்காணிக்கும் பகுதி) பிறவும் 400. மொத்தம் 7396. ஏறக்குறைய 800 எம்பி மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். லினக்ஸ் அதைக் கோப்பு வாசிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும், பேக்கப் ஓடும் நேரத்திலும் அது உதவும். என் எண்களை அப்படியே நகலெடுக்காமல், உங்கள் பிஹெச்பி செயல்முறை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் கூட்ட நேரத்தில் 'டாப்' கட்டளையில் பார்த்து எழுதுங்கள். தரவுத்தளத்தின் உள்ளே யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதை மைஎஸ்க்யூஎல் 8-இன் சிஸ் ஸ்கீமாவில் 'மெமரி குளோபல் பை கரண்ட் பைட்ஸ்' என்ற காட்சி அட்டவணை சொல்லும்.

5. இணைப்புகளின் உச்சவரம்பை ஏற்றாதீர்கள்

மேக்ஸ் கனெக்ஷன்ஸ் என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 151. 1040 பிழை வந்ததும் அதை 500 என்றோ 1000 என்றோ மாற்றச் சொல்லும் அறிவுரைதான் இந்தத் துறையில் அதிகம் தீங்கு செய்வது. உள்ளே நிற்கும் வினவல்கள் முடியாததால் வரிசை நீள்கிறது. வாசலை அகலப்படுத்தினால் உள்ளே நெரிசல்தான் கூடும். பிழைச்செய்தியோடு பிழைத்துக்கொண்டிருந்த சர்வர், அதன் பிறகு நினைவகம் தீர்ந்து சாகும்.

உங்களுக்கு உண்மையில் எத்தனை தேவை என்பதை 'ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்' பட்டியலில் மேக்ஸ் யூஸ்ட் கனெக்ஷன்ஸ் சொல்லும். ஆனால் சேவை ரீஸ்டார்ட் ஆனதும் அந்த எண் புதிதாகத் தொடங்கிவிடும் என்பதால், விழுந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், 'ஃப்ரீ மைனஸ் எம்' வெளியீடு, திரெட்ஸ் கனெக்டட் (திறந்திருக்கும் இணைப்புகள்), திரெட்ஸ் ரன்னிங் (அவற்றில் அப்போது வேலை செய்பவை), நினைவகம் அதிகம் பிடித்திருக்கும் ஐந்து செயல்முறைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்டை, குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓரிரு எம்பிக்கு மேல் இடம் பிடிக்காது.

கனெக்டட் அதிகமாகவும் ரன்னிங் மிகக் குறைவாகவும் இருந்தால், மென்பொருள் இணைப்புகளைத் திறந்துவிட்டு மூடாமல் விடுகிறது. வெயிட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 28800 நொடிகள், அதாவது எட்டு மணி நேரம். அதை 300 அளவுக்குக் குறைத்தால் தூங்கும் இணைப்புகள் தாமாக விலகும். குறைத்த பிறகு, நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டு எழுதும் பழைய மென்பொருள்கள் 'சர்வர் ஹேஸ் கான் அவே' என்று முறையிடக்கூடும், அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ரன்னிங்கும் சேர்ந்து ஏறினால் குற்றம் வினவல்களில் இருக்கிறது.

6. மெதுவான வினவலைப் பிடியுங்கள்

ஸ்லோ குவரி லாக்கை இயக்குங்கள். லாங் குவரி டைமின் இயல்பு மதிப்பு 10 நொடிகள். ஒரு நொடிக்குக் குறைத்தால்தான் உண்மை தெரியும். அதில் மீண்டும் மீண்டும் வரும் வினவலை எடுத்து அதன் முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' சேர்த்து ஓட்டுங்கள். டைப் என்ற பத்தியில் 'ஆல்' என்று வந்தால் அட்டவணை முழுவதும் வாசிக்கப்படுகிறது.

விடுதி மென்பொருள்களில் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு. வருகை நாளும் நேரமும் சேர்ந்த பத்தியை 'டேட்' என்ற சார்புக்குள் போட்டு ஒரு நாளோடு ஒப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பத்தியில் உள்ள வழக்கமான இன்டெக்ஸ் பயன்படாது. அன்று நள்ளிரவிலிருந்து மறுநாள் நள்ளிரவுக்கு முன் வரை என்று எல்லை கொடுத்து எழுதினால் பயன்படும். விடுதி எண்ணும் வருகை நாளும் சேர்ந்த கூட்டு இன்டெக்ஸ் ஒன்றைப் போட்டால், காலி அறை தேடும் வினவல் பல நேரங்களில் நொடிகளிலிருந்து மில்லி நொடிகளுக்கு இறங்கிவிடும். அதன் பிறகு இணைப்புகளும் நினைவகமும் தாமாகவே இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

மற்றொன்று அடையாளச் சான்று. அறை எடுப்பவரின் ஆதார் அட்டையைப் படமெடுத்து, அந்தப் படத்தையே பதிவு அட்டவணையில் பிளாப் பத்தியாகச் சேமிக்கிறார்கள். பிறகு, இன்று வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்கும் திரை, தேவையான பத்திகளைச் சொல்லாமல் 'செலக்ட் ஸ்டார்' போடுகிறது. பெயரும் அறை எண்ணும் கேட்ட இடத்தில், ஆளுக்கு 2 எம்பி வீதம் இருநூறு பேரின் படங்கள் பிஹெச்பியின் நினைவகத்தில் வந்து இறங்குகின்றன: 400 எம்பி, ஒரே திரைக்கு. பத்திகளைப் பெயர் சொல்லிக் கேட்பது இன்றைக்கே செய்யக்கூடியது. படங்களை வட்டில் தனி அடைவுக்கு மாற்றி, இருப்பிடத்தை மட்டும் அட்டவணையில் வைப்பது பிறகு செய்ய வேண்டியது. அந்த அடைவு இணையத்தில் திறந்து கிடக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

7. ஸ்வாப்பும் வட்டும்

ராம் போதாதபோது வட்டில் கைகொடுக்கும் ஸ்வாப் கோப்பு ஒன்று 2 ஜிபி அளவுக்கு இருக்கட்டும். ஸ்வாப்பை எவ்வளவு எளிதில் பயன்படுத்துவது என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினஸ் மதிப்பை, இயல்பான 60-இலிருந்து 10-க்குக் குறையுங்கள். ஸ்வாப் உங்களுக்குச் சில நிமிடங்கள் வாங்கித் தரும், அவ்வளவுதான். வட்டு நிரம்பினால் மைஎஸ்க்யூஎல் விழாமல் இடம் கிடைக்கும் வரை காத்து நிற்பதும் உண்டு. பார்ப்பவருக்கு அது தொங்கியதுபோலத் தெரியும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பின்லாக் கோப்புகள் (தரவு மாற்றங்களின் பதிவேடு) இயல்பாக 30 நாள் வைத்திருக்கப்படுகின்றன. வட்டு சிறியதென்றால் அந்தக் காலத்தைக் குறையுங்கள். கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள், 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' என்ற கட்டளையின் வழியாக நீக்குங்கள்.

8. உப்புக்காற்றையும் மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள்

மேகச் சேவையில் (கிளவுட்) சர்வர் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் என்று கடலைப் பார்த்த அலுவலகங்களில், மேசைக்கு அடியில் சர்வர் ஓடும் இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. லாக்கில் 11-ஆம் எண் சிக்னல் வந்து, ஒவ்வொரு முறையும் ஸ்டாக் டிரேஸ் வெவ்வேறாக இருந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ராமைச் சந்தேகியுங்கள். பெட்டியைத் திறந்தால் ராம் பலகையின் பொன்னிறத் தொடுபுள்ளிகளில் மங்கலான படிவமும், திருகாணித் தலைகளில் துருவும் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு பொருத்தி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பலகையை மாற்றுங்கள். துடைத்துத் துடைத்து ஓட்டுவதில் தரவு கெடும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், ஜன்னலோரத்திலிருந்து கணினியை உள்ளறைக்கு மாற்றுவதே பாதி மருத்துவம்.

யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி தீரும் முன் சர்வரை முறைப்படி அணைக்கும்படி யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வழியாக இணைத்திருக்க வேண்டும். இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்ற அளவுரு இயல்பாக 1. வேகத்துக்காக அதை 2 ஆக்கியிருந்தால், மின்சாரம் போகும்போது கடைசி ஒரு நொடி அளவுக்கான பதிவுகள் தொலையக்கூடும். காசு வாங்கிய பதிவுகள் இருக்கும் இடத்தில் 1-இலேயே விடுங்கள்.

9. செலவு

முதல் ஏழு படிகளுக்கும் பணச் செலவு கிடையாது, உங்கள் நேரம்தான். அதன் பிறகும் நினைவகம் போதவில்லை என்று தாளில் போட்ட கணக்கே சொன்னால் மட்டும் பணத்தை எடுங்கள். மேகச் சேவைகளில், ஒரே வகைக் கணினியில் அடுத்த அளவுக்குப் போனால் நினைவகம் இரட்டிப்பாவதும், மணிக்கட்டணமும் ஏறக்குறைய இரட்டிப்பாவதும் வழக்கம். மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆண்டு முழுவதும் பெரிய அளவில் வைத்திருக்கத் தேவையில்லை. அமாவாசைக்குச் சில நாள் முன் ஏற்றி, முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்றிய பிறகு பஃபர் பூல் அளவையும் நீங்களே உயர்த்த வேண்டும். இறக்கும்போது அதைக் குறைக்க மறந்தால், விட்ட இடத்திலேயே மீண்டும் விழும்.

சொந்தக் கணினிக்கு ராம் வாங்கும் முன் பலகையின் வகை டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, காலியான இடம் உண்டா, தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவு என்ன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காத பலகைக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. தவறான வகையை வாங்கி வந்தால் அந்த நாள் போச்சு.

10. எப்போது செய்வது

மீன் நிறுவனங்களுக்கு நல்ல காலம் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; பதிப்பு மாற்றம், அட்டவணை மாற்றம், படங்களை இடம் மாற்றுவது போன்ற பெரிய வேலைகள் எல்லாம் மே மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஜூன் முதல் வாரத்தை, சென்ற ஆண்டு தடைக்காலம் முடிந்த முதல் நாளின் பதிவுகளைச் சோதனைக் கணினியில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகளுக்கு அப்படி நீண்ட ஓய்வு கிடையாது. மூன்று பெரிய அமாவாசைகளுக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் எதையும் மாற்றாதீர்கள் என்ற கட்டுப்பாட்டை முதலாளியிடம் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். 'சின்ன மாற்றம்தான்' என்று வரும் கோரிக்கைகளை அந்தத் தாள்தான் தடுக்கும். பேக்கப்பை நள்ளிரவை ஒட்டி வையுங்கள். ராமேசுவரத்தில் விடியுமுன்பே அறை கேட்டு வந்துவிடுவார்கள்.

ஒரு தடவைக்கு ஓர் அளவுருவை மட்டும் மாற்றி, நாளும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல் 8-இல் 'செட் பெர்சிஸ்ட்' கட்டளையால் மாற்றியவை தனிக் கோப்பில் உட்கார்ந்துகொண்டு, கட்டமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதியதை மீறிவிடும். எழுதியும் மாறவில்லையே என்று திகைத்தால் அங்கே பாருங்கள்.

11. கூட்டம் நிற்கும்போதே விழுந்தால்

மேலே உள்ள எதற்கும் நேரம் இல்லாத காலை ஒன்று வரத்தான் செய்யும். அப்போது முதலில் கெர்னல் செய்திகளையும் பிழை லாக்கையும் படியெடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்து பிஹெச்பி-எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன் அளவை (அனுமதிக்கப்பட்ட செயல்முறைகளின் எண்ணிக்கை) பாதியாக்கி அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். பக்கங்கள் வரிசையில் நின்று மெதுவாகத் திறக்கும், ஆனால் திறக்கும். உள்ளே நுழைய முடியாமல் இணைப்புகள் நிரம்பியிருந்தால், நிர்வாக உரிமையுள்ள பயனருக்கென்று மைஎஸ்க்யூஎல் கூடுதலாக ஓர் இணைப்பை ஒதுக்கி வைத்திருக்கும். அதன் வழியாகச் சென்று 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' பாருங்கள். உங்கள் மென்பொருளே நிர்வாகப் பயனரின் பெயரில் இணைகிறதென்றால் அந்த ஒதுக்கீட்டையும் அதுவே தின்றிருக்கும், ஆகவே மென்பொருளுக்கென்று உரிமை குறைந்த தனிப் பயனரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். பட்டியலில் நிமிடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் அறிக்கை வினவல்களை மட்டும் 'கில் குவரி' கொண்டு நிறுத்துங்கள். பதிவு எழுதும் வினவல்களை விட்டுவிடுங்கள், நடுவில் நிறுத்தினால் அவை செய்ததைத் திரும்பப் பெறுவதற்கே நேரம் பிடிக்கும். பஃபர் பூலையும் ஓட்டத்திலேயே 'செட் குளோபல்' மூலம் குறைக்க முடியும், ஆனால் நடப்பிலுள்ள பரிமாற்றங்கள் முடியும் வரை அது காத்திருக்கும் என்பதால் கூட்ட நேரத்துக்கு அது கடைசி வழி.

வரவேற்பு மேசையில் அதுவரை காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: பெயர், அலைபேசி எண், அறை எண், வாங்கிய முன்பணம், நேரம். இந்த ஐந்து பத்திகளும் அச்சிட்ட தாள்கள் இருபது எப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். சர்வர் எழுந்ததும் அவற்றைப் பதியும்போது, நேரத்தைத் தாளில் உள்ளபடியே கொடுக்கவும். மென்பொருள் தானாக இடும் நேரத்தை விட்டுவிட்டால், அன்றைய ரொக்கக் கணக்கு மாலையில் ஒத்துவராது.